குரலைக் கொடுக்கும் முன் தாளைப் படியுங்கள்

போன மாதம் ஓர் இளம் பாடகி எங்கள் ஸ்டூடியோவுக்கு டிராக் பாட வந்தார். தோடி ராகத்தில் அமைந்த மெட்டு, நன்றாகவே பாடினார். உதவியாளர் வழக்கம்போல் சுருதி திருத்தும் மென்பொருளை ஓட்டினார். 'க' என்ற ஸ்வரமான காந்தாரம் செத்துப்போனது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. முன்னும் பின்னும் உள்ள ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே அசைவதுதான் அதன் உயிர். மென்பொருளுக்குத் தெரிந்தது ஸ்தாயிக்கு, அதாவது ஒரு ஸ முதல் அடுத்த ஸ வரை, 12 படிகள். அசைவைப் பிழையென்று எடுத்துக்கொண்டு பக்கத்துப் படியில் ஆணி அடித்துவிட்டது. ஒவ்வொரு பிடியாகக் கையால் திருத்தினால் கமகம் என்னும் அந்த அசைவு பிழைக்கும். அதற்கு ராகம் தெரிந்த காது வேண்டும். திருத்தத்தை எடுத்துவிடச் சொன்னேன். பாடகிக்கு நிம்மதி.

அதே பாடகி கிளம்பும்போது இரண்டு பக்க ஒப்பந்தத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட இருந்தார். வாங்கிப் பார்த்தேன். 'பதிவான குரலை இன்றுள்ள, இனி வரும் எல்லாத் தொழில்நுட்பங்களிலும் பயன்படுத்தலாம்' என்று ஒரு வரி. கமகம் பிழைத்ததில் அவ்வளவு நிம்மதி அடைந்தவர் இதைக் கவனிக்கவே இல்லை.

இசைக்கலைஞர்களிடம் இந்த முரணை நிறையப் பார்க்கிறேன். மின்னணு சுருதிப் பெட்டி இல்லாத கச்சேரி இன்று அபூர்வம்; தம்புராக் கலைஞரைப் பற்றிக் கேட்பாரில்லை. கீபோர்டு வந்து வயலின் வரிசைகள் குறைந்தபோது பாடகர்கள் கவலைப்படவில்லை. 1982இல் லண்டனில் இசைக்கலைஞர் சங்கத்தின் ஒரு கிளை மின்னணு ஒலிக்கருவியான சின்தசைசருக்குத் தடை கோரித் தீர்மானமே போட்டது. இப்போது முறை பாடகர்களுடையது.

பின்னணி இசை கலவாத குரல் சில நிமிடங்கள் இருந்தால் போதும், செயற்கை நுண்ணறிவு அதே குரலில் வேறு பாட்டைப் பாடிவிடும். 2024இல் வந்த 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை இப்படித்தான் மீட்டார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே ஆண்டு எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதி கேட்காமல் உருவாக்கியதாக அவர் குடும்பம் ஒரு தெலுங்குப் படக் குழுவுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. கருவி ஒன்றுதான், கேட்டார்களா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2024 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் இந்திப் பாடகர் அரிஜித் சிங்கின் குரலுக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது. ஒரு டிராக்குக்குச் சொற்பத் தொகை வாங்குபவரால் அவ்வளவு தூரம் போக முடியுமா? அவருக்குக் கையெழுத்துக்கு முந்தைய ஐந்து நிமிடம்தான் நீதிமன்றம். 'இந்தப் பாடலுக்கு மட்டும்; குரல் மாதிரி உருவாக்கவோ கணினிக்குப் பயிற்சி கொடுக்கவோ கூடாது; வேறு பயன்பாட்டுக்குத் தனி அனுமதி, தனி ஊதியம்' என்று எழுதிக் கேளுங்கள். வாய்ப்புக்காகத் தனிக்குரல் கோப்புகளைக் கண்டவர்களுக்கெல்லாம் அனுப்பாதீர்கள்.

அன்று தயாரிப்பு மேலாளரை அழைத்து அந்த வரியைக் காட்டினோம். சண்டை வரும் என்று நினைத்தேன். பேனாவை எடுத்து அடித்துக் கொடுத்துவிட்டு, "இதுவரை யாரும் கேட்டதில்லை, சார்" என்றார்.