பழைய பிக்கப்புக்கு டிஸ்க் பிரேக்: வேலை சக்கரத்தோடு முடிவதில்லை

டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் மாட்டிய பழைய பிக்கப் வண்டிகள் என்னிடம் வரும்போது, முன்சக்கரத்தில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. சக்கரத்தோடு சுழலும் தட்டான ரோட்டார், அதைக் கவ்வும் காலிப்பர், அதற்குள் இருந்து உரசும் பேட் எல்லாம் புதுசு. ஆனால் ஓட்டுபவர் முகத்தில் பயம் இருக்கும். 'பத்து நிமிஷம் ஓட்டினாலே முன்வீல் கொதிக்கிறது' என்பார் ஒருவர். 'பெடல் கல்லு மாதிரி இருக்கு, வண்டிதான் நிற்க மாட்டேங்குது' என்பார் இன்னொருவர். பின்பக்கம் சரக்கு இல்லாதபோது அழுத்தி மிதித்தால் வால் வழுக்கிக்கொண்டு போகிறது என்பது மூன்றாவது வகை. பானெட்டைத் திறந்தால் பாதி நேரம் அங்கேயே விடை கிடைத்துவிடும்: டிரம்முக்காகப் பொருத்திய மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியைத் திரவ அழுத்தமாக மாற்றுவது), அதன் பழைய பைப், பழைய வால்வு எதுவும் மாறியிருக்காது.

நல்ல நிலையில் இருக்கும் நான்கு டிரம்களைவிட, பாதியில் விட்ட டிஸ்க் மாற்றம் ஆபத்தானது. இதை நான் நேரடியாகவே சொல்லிவிடுவேன். கேட்பவர்களுக்குப் பிடிக்காது, ஏனென்றால் அவர்கள் ஏற்கெனவே டிஸ்க் பாகங்கள் வந்த பெட்டியைப் பிரித்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

முதலில், டிஸ்க் எதைத் தரும், எதைத் தராது என்பதில் தெளிவு வேண்டும். டிரம் ஒழுங்காக வேலை செய்தால் ஒரு மிதியிலேயே சக்கரத்தைப் பூட்டிவிடும். சக்கரம் பூட்டிக்கொள்ளும் எல்லைக்கு வந்தபின் வண்டியை நிறுத்துவது டயரும் சாலையும்தான். அதனால் குளிர்ந்த பிரேக்கில், காய்ந்த சாலையில், ஒரே ஒரு முறை நிறுத்தும்போது தூரம் பெரிதாகக் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். வித்தியாசம் தெரிவது நான்காவது, ஐந்தாவது மிதியில். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறி விரியும். விரிந்தால் உள்ளிருந்து அதை அமுக்கும் ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே போகும். ஷூவின் மேல் உரசும் பட்டையான லைனிங்கும் அந்தச் சூட்டில் பிடிப்பை இழக்கும். ரோட்டார் திறந்த வெளியில் சுழல்வதால் சீக்கிரம் ஆறுகிறது. சூட்டில் தடித்தாலும் பேடின் பக்கமாகத்தான் தடிக்கிறது. தண்ணீரில் இறங்கி ஏறினால் டிரம் கொஞ்ச நேரம் பிடிக்காது, டிஸ்க் உடனே தண்ணீரை உதறிவிடும். ஒரு பக்கமாக இழுக்கும் தொல்லையும் பெரும்பாலும் தீரும். ஒரு பழைய வண்டியை இன்றைய சாலையில், இன்றைய வேகத்தில் ஓட்ட இவையெல்லாம் போதுமான காரணங்கள்தான்.

சரி, அப்படியானால் பெடல் ஏன் கல்லாகிறது? டிரம்முக்குள் நடக்கும் ஒரு சூட்சுமத்தை நாம் இழந்துவிடுகிறோம். அந்தக் காலத்து அமெரிக்க பிக்கப்களில் பரவலாக இருந்த டிரம் அமைப்பில், சுழலும் டிரம்மே ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கமாக அமுக்கும். முன் ஷூ பெறும் அந்த இழுவை பின் ஷூவையும் தள்ளும். அதாவது உங்கள் காலின் பலத்தோடு வண்டியின் ஓட்டமும் சேர்ந்து பிரேக் போடுகிறது. டிஸ்கில் அந்த உதவி கிடையாது. பேட் இரண்டு பக்கமும் நேராக அமுக்குகிறது, அவ்வளவுதான். அதே பிடிப்பு வேண்டுமென்றால் பைப்பில் அழுத்தம் கூட வேண்டும்.

அந்த அழுத்தம் எங்கிருந்து வரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெடலில் 50 கிலோ விசை கொடுக்கிறீர்கள். பெடல் விகிதம், அதாவது நெம்புகோல் போலப் பெடல் விசையைப் பெருக்கும் அளவு, 6:1 என்றால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்கு 300 கிலோ போகும். சிலிண்டரின் துளை 1 அங்குலமாக இருந்தால் பைப்பில் சுமார் 840 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் கிடைக்கும். துளை 1⅛ அங்குலம் என்றால் அது 665க்கு இறங்கிவிடும். எட்டில் ஒரு பங்கு அங்குல வித்தியாசத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு அழுத்தம் போய்விட்டது. 'பெரிய சிலிண்டர் போட்டால் பலமாகப் பிடிக்கும்' என்று நினைத்து மாட்டுபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். மறுபக்கம், துளையைச் சிறிதாக்கிக்கொண்டே போகவும் முடியாது. ஒரே தூரம் மிதித்தாலும் தள்ளும் திரவம் குறைந்துவிடும், பெடல் தரையைத் தொட்டுவிடும். காலிப்பர் பிஸ்டனின் அளவும் பெடல் விகிதமும் தெரியாமல் மாஸ்டர் சிலிண்டரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

எஞ்சினின் வேக்குவத்தால், அதாவது உறிஞ்சும் விசையால், மிதிக்கு உதவும் பூஸ்டர் வைத்தால் இந்தக் கஷ்டம் குறையும். ஆனால் அதற்கும் நிபந்தனை உண்டு. பூஸ்டர் இல்லாத பெடலின் விகிதம் 6:1ஐ ஒட்டி இருக்கும். பூஸ்டருக்கு 4:1ஐ ஒட்டிய விகிதம் வேண்டும். பழைய பெடலை அப்படியே வைத்துப் பூஸ்டரையும் சேர்த்தால், தொட்டாலே முகம் கண்ணாடியில் மோதுகிற மாதிரி பிடிக்கும். அடுத்தது வேக்குவம். ஐடிலில் எஞ்சின் 18 அங்குலப் பாதரச அளவுக்கு வேக்குவம் தந்தால் நிம்மதி. ரேஸ் கேம்ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட எஞ்சின் அதில் பாதிதான் தரும். அப்போது பூஸ்டர் பெயருக்குத்தான் தொங்கிக்கொண்டிருக்கும். பூஸ்டரைச் சோதிப்பது சுலபம். எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்குவம் வரவில்லை, அல்லது பூஸ்டர் போய்விட்டது.

இப்போது முன்வீல் கொதிக்கும் புகாருக்கு வருகிறேன். இதற்கு இரண்டு காரணங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, டிரம் பிரேக்கின் பைப்பில் எப்போதும் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைத் தங்க வைக்கும் ஒரு சின்ன வால்வு. ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் கப் சுருங்கிக் காற்று இழுக்காமல் இருக்க அது வேண்டும். பல பழைய மாஸ்டர் சிலிண்டர்களில் அது வெளியேறும் வாய்க்குள்ளேயே ஒளிந்திருக்கும், வெளியில் தெரியாது. டிஸ்கில் பேடைப் பின்னால் இழுக்கும் ஸ்பிரிங் கிடையாது. அந்த 10 பி.எஸ்.ஐ. போதும், பேட் ரோட்டாரை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். டிஸ்க் பைப்பில் இந்த வால்வு இருக்கவே கூடாது. ஒரு விதிவிலக்கு உண்டு. மாஸ்டர் சிலிண்டர் காலடித் தளத்துக்குக் கீழே, காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும் வண்டிகளில் திரவம் திரும்பி இறங்கிவிடாமல் தடுக்க 2 பி.எஸ்.ஐ. வால்வு போட வேண்டும்.

இரண்டாவது காரணம், மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு. அது ஒரு நூலிழை நீளமாக இருந்தாலும் மாஸ்டர் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, திரவம் தொட்டிக்குத் திரும்பும் துவாரம் அடைபட்டே இருக்கும். சூடேறி விரியும் திரவத்துக்குப் போக வழியில்லாமல் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். நின்று ஆறினால் சரியாகிவிடும், மறுபடி ஓடினால் மறுபடி பிடிக்கும். இப்படி விட்டு விட்டு வரும் தொல்லை என்றால் முதலில் புஷ்ராடைப் பாருங்கள். ராடு பற்றி இன்னொரு விஷயமும் உண்டு. பூஸ்டர் வண்டிக்கான மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டனின் பள்ளம் ஆழமாக இருக்காது. அதைப் பூஸ்டர் இல்லாத பெடலோடு நேரடியாக இணைத்தால் ராடு நழுவி விழ வாய்ப்பிருக்கிறது. விழுந்தால் பிரேக்கே கிடையாது.

ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டரை வைத்துக்கொண்டு யார் வந்தாலும் அந்த வேலையை நான் எடுப்பதில்லை. ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் போய்விடும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிக்கப்களுக்கு 1967இல், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியான இரட்டை அறைக்கு மாறிவிட்டது; 1971இல் முன்பக்க டிஸ்கையே வழக்கமாக்கிவிட்டது. அதற்கு முந்தைய வண்டியை மாற்றுபவர் இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் முறை. தொட்டியின் அளவும் முக்கியம். டிஸ்கில் பேட் தேயத் தேயக் காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும், பின்னால் உண்டாகும் இடத்தைத் திரவம் நிரப்பும். 3 அங்குலத்தை ஒட்டிய விட்டமுள்ள ஒற்றை பிஸ்டன் காலிப்பரில் இரண்டு பேடும் சேர்ந்து 15 மி.மீ. தேய்ந்தால், அந்த ஒரு காலிப்பரே 65 மி.லி.க்கு மேல் வாங்கிக்கொள்ளும். டிரம்முக்கான சின்னத் தொட்டி அதைத் தாங்காது.

பிக்கப் என்பதால் மட்டும் வரும் பிரச்சினை ஒன்று இருக்கிறது, இதைக் காரில் வேலை பழகியவர்கள்கூடத் தவறவிடுவார்கள். பின்பக்கம் வெறுமையாக இருக்கும்போது பின் ஆக்சிலில் எடையே இருக்காது. பிரேக் போட்டதும் இருக்கிற எடையும் முன்னால் சாய்ந்துவிடும். பின்னால் இருப்பதோ தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும் டிரம். டிஸ்குக்காகக் கூட்டிய அழுத்தம் பின்னாலும் முழுதாகப் போனால் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும். முன்சக்கரம் பூட்டினால் வண்டி நேராக வழுக்கும். பின்சக்கரம் பூட்டினால் வண்டி திரும்பிக்கொள்ளும். ஈரச் சாலையில் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

அதனால்தான் புரப்போர்ஷனிங் வால்வு. குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மேல் பின்பக்க அழுத்தம் ஏறும் வேகத்தை அது குறைக்கும். கூடவே மீட்டரிங் வால்வு, பின் ஷூக்கள் ஸ்பிரிங்கைத் தாண்டி டிரம்மைத் தொடும் வரை முன் டிஸ்கைக் கொஞ்சம் காக்க வைக்கும். இரண்டும் எச்சரிக்கை ஸ்விட்சும் ஒரே பித்தளைக் கட்டியில் சேர்ந்து வருவதைத்தான் காம்பினேஷன் வால்வு என்கிறோம். உயரம், டயர் அளவு எல்லாம் மாற்றிய வண்டிக்குக் கையால் திருகிச் சரிசெய்யும் புரப்போர்ஷனிங் வால்வு எனக்குப் பிடிக்கும். ஆள் இல்லாத திறந்த இடத்தில், வெறும் வண்டியோடு, குறைந்த வேகத்தில் தொடங்கி, பின்சக்கரத்துக்கு முன் முன்சக்கரம் பூட்டும் வரை திருகிப் பார்க்க வேண்டும். அந்த நிலையிலேயே விட்டுவிடுங்கள். சரக்கு ஏற்றும்போது கூட்டலாம், இறக்கியதும் குறைக்கலாம் என்று திட்டம் போட்டால், குறைக்க மறக்கிற நாள் ஒன்று வரும்.

சக்கரப் பக்க வேலை ஓரளவு சுலபம். பழைய ரிம் காலிப்பரில் இடிக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள். செவ்ரோலெட் சி10 வைத்திருப்பவர்கள் போல்ட் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும்: 1971இல் அது ஆறிலிருந்து ஐந்தாகிவிட்டது, பிந்தைய வண்டியின் பாகங்களைப் போட்டால் நான்கு ரிம்மையும் யோசிக்க வேண்டிவரும். காலிப்பரின் காற்றெடுக்கும் திருகு மேல்பக்கம் இருக்க வேண்டும். கீழே இருந்தால் இடது வலது மாறிவிட்டது என்று அர்த்தம். எத்தனை லிட்டர் ஊற்றினாலும் காற்று வெளியேறாது. ஸ்டீயரிங்கை இரண்டு எல்லைக்கும் திருப்பி ஹோஸ் எங்கும் உரசவில்லை, இழுபடவில்லை என்று உறுதி செய்யுங்கள். செம்பு வாஷரை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

டிரம்மைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உள்ளே இருக்கும் தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதக் கூடாது. அது நுரையீரலுக்குப் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாகத் திரும்பி வரலாம். முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

பைப்பைச் செம்புக் குழாயால் ஒட்டுப்போடுவதும், இறுக்கு வளையம் வைத்த இணைப்பால் சேர்ப்பதும் பிரேக்கில் ஆகவே ஆகாது. எஃகு அல்லது நிக்கல் கலந்த பிரேக் பைப், முனை இரட்டையாக மடித்தது, அவ்வளவுதான். திரவம் டாட் 3 அல்லது டாட் 4. புதிதாக இருக்கும்போது டாட் 3இன் கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ், டாட் 4க்கு 230. ஈரம் இழுத்துவிட்டால் 140, 155 என்று இறங்கிவிடும்; திறந்து கிடந்த டப்பாவை ஊற்றக் கூடாது என்பது இதனால்தான். டாட் 5 சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு கலக்காதீர்கள். பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினால் ரப்பர் சீல் ஊதிவிடும்.

மாட்டி முடித்ததும் உடனே சாலைக்கு ஓடாதீர்கள். எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை ஒரு நிமிடம் முழுப் பலத்தோடு மிதித்துப் பிடியுங்கள். கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. காலை எடுத்ததும் முன்சக்கரம் கையால் தடையில்லாமல் சுழல வேண்டும். அப்புறம் காலியான சாலையில் மிதமான வேகத்திலிருந்து பலமுறை மெதுவாகக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல், நடுவில் ஆறவிட்டுப் பேடைப் பழக்குங்கள். திரும்பி வந்து நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். முன்னால் இரண்டும் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கூடுதலாக இருந்தால் அந்தப் பக்கக் காலிப்பர் நகரும் ஊசிகளையும் ஹோஸையும் கழற்றிப் பார்த்துவிட்டு, வீல் நட்டுகளை மறுபடி முறுக்கிவிட்டுத்தான் அடுத்த ஓட்டம்.