"திருடலை சார், சும்மா ஓட்டிட்டு வெச்சுட்டேன்"

பதினைந்து வயதுப் பையன். பக்கத்து வீட்டுக்காரரின் பைக்கை ராத்திரி எடுத்துக்கொண்டு போய், எங்கேயோ இடித்து முன்விளக்கை உடைத்து, விடிவதற்குள் அதே இடத்தில் நிறுத்திவிட்டான். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஆலோசனைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்ததும் அவன் சொன்னதைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன். அப்பா கொதித்துப்போனார். எனக்கு அந்தச் 'சும்மா'வில்தான் காது போனது.

தப்பு செய்யும் பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது தெரியாது என்றே பலரும் நினைக்கிறோம். கிரெஷாம் சைக்ஸ், டேவிட் மாட்ஸா என்ற அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1957-இல் இதை மறுத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் குற்ற உணர்வு உண்டு, யாரிடம் கைவைக்கலாம், யாரிடம் கூடாது என்ற கணக்கும் உண்டு; செய்யும் நேரத்துக்கு மட்டும் மனசாட்சியைச் சமாளிக்க ஒரு சாக்கு வைத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். அந்தச் சாக்குகளை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். ஐந்தும் என் அறையில் வாராவாரம் கேட்பவைதான். "அவங்க கூப்பிட்டாங்க, நான் கூடத்தான் போனேன்." "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே." "அவனுக்கு வேணும்." "வாத்தியார் மட்டும் யோக்கியமா?" "ஃப்ரெண்டை எப்படி விட்டுட்டு வர்றது?"

சாக்கு தப்புக்கு முன்னால் வருகிறதா, மாட்டிக்கொண்ட பிறகு முளைக்கிறதா என்று ஆய்வாளர்களிடையே சண்டை உண்டு. என் அனுபவத்தில், முதல் தடவை பிறகு வருவது அடுத்த தடவைக்கு முன்னாலேயே தயாராக நிற்கிறது. அதனால் முதல் தடவையிலேயே அதைக் கவனிப்பது நல்லது. சாக்கு சொல்கிற பையனைப் பார்த்து நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. தப்பு என்று அவனுக்கு உறைக்கிறது, அதனால்தான் சாக்கு தேடுகிறான். "நான் இப்படித்தான்" என்று தோளைக் குலுக்குகிறவனோடுதான் பாடு அதிகம்.

சரி, என்ன செய்வது? "ஏன் செஞ்சே?" என்று கேட்பதை முதலில் விடுங்கள். 'ஏன்' என்ற கேள்வியே சாக்கைத்தான் கேட்கிறது. "அப்ப மனசுல என்ன ஓடுச்சு? இதனால யார் யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வராது. காத்திருக்க வேண்டும், பெற்றோருக்கு இதுதான் கஷ்டம். அப்புறம், நம் வாயையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சிக்னலைத் தாண்டிவிட்டு "எல்லாரும்தானே போறாங்க" என்கிறோம். பின்சீட்டில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான்.

"காலையில அவர் வண்டிகிட்ட வந்தப்ப என்ன நடந்திருக்கும்?" என்று அந்தப் பையனிடம் கேட்டேன். ரொம்ப நேரம் கழித்து, "வேலைக்கு லேட்டாப் போயிருப்பாரு" என்றான். இரண்டு பக்கமும் சம்மதித்த பிறகு இருவரையும் உட்கார வைத்தோம். விளக்குக்கு ஆன செலவைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் பேசவே இல்லை.

"என் பையன்தான் எடுத்திருப்பான்னு நினைச்சேன்பா. அவன் இல்லைன்னு சொல்லச் சொல்ல அடிச்சுட்டேன்" என்றார்.

அவர் மகனும் இவனும் ஒரே வகுப்பு.