மாடி இல்லாத வீட்டுக்கு சோலார் எப்படி வரும்?

"தம்பி, எதிர்வீட்டு மாடியில வச்சிருக்கீங்களே, அது எனக்கும் வைக்க முடியுமா?"

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு தெருவில் 3 கிலோவாட் சோலார் வேலையை முடித்து ஏணியை இறக்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா கேட்டார். அவருடையது கூரை வீடு. மனை கோயிலுக்குச் சொந்தம். மின் இணைப்பு, காலமாகிவிட்ட மாமனார் பேரில் இருக்கிறது. வீட்டுக்குள் இரண்டு விளக்கு, ஒரு ஃபேன், ஒரு டிவி, அவ்வளவுதான்.

டெல்டாவில் பல வருடமாக சோலார் பொருத்தும் வேலை செய்கிறேன். அன்று அவரிடம் "உங்க வீட்டுக்கு இது வேண்டாம்மா" என்றுதான் சொன்னேன். அவர் முகம் வாடியது. அந்தப் பதிலின் மிச்சத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. நம் பகுதி வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது குறையும். சித்திரை வெயிலில் ஈடுகட்டும். எதிர்வீட்டில் ஏசி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஓடுகிறது. 3 கிலோவாட் வைத்தால் பில் பெரும்பாலும் கரைந்துவிடும். 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000 ரூபாய், ஆக 78,000 ரூபாய் மானியம். பிணையம் இல்லாத வங்கிக் கடனும் உண்டு. அவர்களுக்கு இது நல்ல முதலீடு, தாராளமாகப் போடலாம்.

அந்த அம்மாவுக்கு? இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் நம் மாநிலத்தில் இலவசம். அவர் அதைத் தாண்டுவதே அபூர்வம். மிச்சப்படுத்த பில்லே இல்லாதவர் எதற்காகக் கடன் வாங்க வேண்டும்? அப்படியே வாங்க நினைத்தாலும் கீற்றுக் கூரை பேனலைத் தாங்காது. கடன் கேட்டுப் போனால் இணைப்பு யார் பேரில், மனை யாருடையது என்பதிலேயே நின்றுவிடும். கோயில் மனையிலும் மடத்து மனையிலும் தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் நம் பக்கம் எத்தனை பேர்!

சரி, அப்படியானால் ஏழைத் தெருவுக்கு சோலாரால் பயனே இல்லையா? இருக்கிறது. வீட்டுக் கூரையை விட்டுவிட்டு, தெருக்கோடியில் நிற்கும் குடிநீர்த் தொட்டியைப் பாருங்கள்.

ஒரு சிறிய ஊரின் மேல்நிலைத் தொட்டிக்கு 5 எச்.பி. மோட்டார் ஒன்று தினமும் நாலு மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 15 யூனிட் ஆகும். 5 கிலோவாட் பேனல் தாராளமாகப் போதும். பகலில் வெயில் இருக்கும்போது மோட்டார் ஓடித் தொட்டியை நிரப்பும். ராத்திரியும் விடிகாலையும் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். மின்சாரத்தைச் சேர்த்துவைக்க பேட்டரி வேண்டியதில்லை, தண்ணீராகவே தொட்டியில் சேர்ந்துவிடுகிறது. சோலாரில் அதிகம் செலவு வைப்பதும் சீக்கிரம் கெடுவதும் பேட்டரிதான் என்பதால் இது எவ்வளவு பெரிய லாபம் என்று என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

வயலில் வைக்கும் சோலார் பம்புக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் வயல் பம்பு மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். குடிநீர் மோட்டாருக்கு வருடத்தில் ஒரு நாள்கூட ஓய்வு இல்லை. போட்ட பேனல் முழுதாக உழைக்கும்.

கஜாவை நினைத்துப் பாருங்கள். 2018 நவம்பர் 16 விடிகாலை அடித்த புயலில் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. உள்ளடங்கிய ஊர்களில் வாரக்கணக்கில் கரண்டு இல்லை. ஜெனரேட்டர் வாடகைக்குப் பிடித்துத் தொட்டி ஏற்றினார்கள். அப்போது சிலர் என்னிடம் கோபமாகக் கேட்டார்கள்: "மாடியில் சோலார் இருக்கே, ஏன் எங்க வீட்டில லைட் எரியல?" கேட்டது நியாயம். வீட்டு மாடி சோலாரில் பேனல் கரண்டை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் (பேட்டரி வைத்த வீட்டு இன்வெர்ட்டர் வேறு), கம்பியில் கரண்டு நின்றால் தானும் நின்றுவிடும். பேனல் கரண்டு கம்பிக்குத் திரும்பிப் போய்விடாமல், லைனில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. இதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். நானும் எல்லாரிடமும் அழுத்திச் சொல்லவில்லை. அது என் தவறு. இப்போது முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

குடிநீர் மோட்டாருக்கென்று, பேனல் கரண்டிலேயே நேராக மோட்டாரை ஓட்டும் தனிக் கன்ட்ரோலரோடு வைக்கும் சோலார் அப்படி நிற்காது. கம்பம் சாய்ந்து கிடந்தாலும் வெயில் வந்தால் தண்ணீர் ஏறும். அதற்குப் பேனல் புயலில் பறக்காமல் நிற்க வேண்டுமே? நம் ஊர்கள் ஏறக்குறைய 10, 11 பாகை அட்சரேகையில் இருப்பதால் பேனலைத் தெற்கு பார்த்து 10 பாகை சாய்த்தால் போதும். தாழ்வாகப் படுத்திருக்கும் பேனலில் காற்று பிடிப்பது குறைவு. கடலோரமாக இருந்தால் ஸ்டாண்டு நல்ல துத்தநாகப் பூச்சுள்ளதா என்று பாருங்கள். உப்புக் காற்று போல்ட்டைத்தான் முதலில் தின்னும். பக்கத்தில் தென்னை நின்றால் இடத்தை மாற்றுங்கள். ஒரே ஒரு மட்டையின் நிழல் விழுந்தாலும் வரிசையில் இருக்கும் எல்லாப் பேனலின் உற்பத்தியும் சரியும்.

நான் அதிகம் கவலைப்படுவது வைத்த பிறகு வரும் வருடங்களைப் பற்றி. 2011இல் தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடி வீட்டோடு ஐந்து சோலார் விளக்குகளும் கொடுத்தார்கள். அருமையான யோசனை. சில வருடம் கழித்து அந்த வீடுகள் சிலவற்றுக்குப் போயிருக்கிறேன். கூரையில் பேனல் நன்றாக இருந்தது, கீழே பேட்டரி செத்து, அதன் பெட்டியில் கோழி முட்டையிட்டிருந்தது. பேட்டரி மாற்ற அவர்களிடம் பணம் இல்லை, யாரைக் கேட்பதென்றும் தெரியவில்லை. பீகாரில் தர்னாய் என்ற கிராமத்துக்கு 2014இல் 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் வந்தது. ஊருக்கு மலிவான கம்பி மின்சாரம் வந்து, பேட்டரிகளும் ஓய்ந்தபின் அது கைவிடப்பட்டது.

அதனால் பேனல் வரும் அன்றே பராமரிப்புப் பணத்துக்கும் வழி செய்ய வேண்டும். 80 வீட்டுத் தெருவில் வீட்டுக்கு மாதம் 10 ரூபாய் என்றால் வருடத்துக்கு 9,600. ஐந்து வருடத்தில் 48,000. மகளிர் குழு கணக்கில் போட்டு வைத்தால் கன்ட்ரோலர் பழுதானாலும் எவர் காலையும் பிடிக்க வேண்டாம். அறுவடைக் காலத்தில் நெல் தூசி பேனலில் பாய் விரித்ததுபோல் படியும். அதைத் துடைக்கும் பொறுப்பைத் தொட்டி ஆபரேட்டருக்குக் கொடுத்து, அதற்கென்று தனியாகக் கூலியும் கொடுங்கள். சும்மா செய்யச் சொன்னால் நடக்காது, கேட்பதும் நியாயமில்லை.

பேனல் வைக்கப் பணம் எங்கே என்ற கேள்வி வரும். ஊராட்சிக்கு வரும் நிதிக்குழு மானியத்தில் குடிநீருக்கென்று ஒரு பங்கு உண்டு. தொகுதி மேம்பாட்டு நிதியிலும் கேட்கலாம். முடியாத காரியமும் இல்லை. கோவை மாவட்டத்தில் ஓடந்துறை ஊராட்சி 2006லேயே சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை வாங்கி மின்வாரியத்துக்கு மின்சாரம் விற்றது. டெல்லியில் ஓரிடத்தில் பேனல் வைத்து, அந்த யூனிட்டுகளைப் பல வீட்டு மீட்டர்களுக்குப் பிரித்துக்கொள்ள 2019இலேயே வழி செய்தார்கள். நம் கூரை வீடுகளுக்கும் அந்த வழி வந்து சேர வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இடையில் ஓர் எச்சரிக்கை. வீட்டு மானியம், வேலை முடிந்து சோதித்த பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கே நேராக வரும். "மானியம் வாங்கித் தர்றேன், முன்பணம் கொடு" என்று யார் வந்தாலும் அனுப்பிவிடுங்கள். மன்னார்குடி பக்கம் ஒரு குடும்பம் இப்படி 15,000 ரூபாய் இழந்துவிட்டு என்னிடம் வந்தது.

அந்த அம்மாவை அப்புறம் இரண்டு முறை பார்த்தேன். தொட்டிக் கணக்கை அவரிடம் சொன்னபோது "அப்ப அடுத்த கிராம சபையில கேட்டுற வேண்டியதுதான்" என்றார். கிராம சபை வருடத்தில் ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. போகும்போது குடிநீர் மோட்டாரின் கடந்த ஒரு வருட மின் கட்டண விவரத்தை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். போன வாரம் போன் செய்தார். விவரத்தை வாங்கிவிட்டார், கூட்டித் தரச் சொல்லிக் கேட்டார்.