தழுவல் வடிகட்டி அல்ல, தகவமை வடிப்பான்

காணொளித் தொழில்நுட்பம் பற்றிய தமிழ்க் குறிப்புகளில் 'தழுவல் வடிகட்டி' என்ற சொல் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. இங்கே மொரீஷியஸில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்கள் சிலரும் அதை அப்படியே எடுத்தாளத் தொடங்கிவிட்டார்கள். ஆங்கிலத்தில் அடாப்டிவ் ஃபில்டர், பிரெஞ்சில் ஃபில்த்ர் அடாப்டாத்தீஃப். இருப்பது இரண்டே சொல். தமிழில் இரண்டுமே தடம் மாறிவிட்டன.

ஃபில்டர் என்பதன் மூலம் இடைக்கால லத்தீனின் 'ஃபில்ட்ரும்'. அழுத்தித் தட்டிய கம்பளித் துணிக்கு அந்தப் பெயர். நீர்மங்களை அதில் ஊற்றி வடித்தார்கள். நம் பிள்ளைகள் வண்ணம் தீட்டும் 'ஃபெத்ர்' பேனாவும் அதே குடும்பம்தான். அடாப்டிவ் என்பதற்குள் இருப்பது 'ஆப்டுஸ்', பொருந்தியது என்று அர்த்தம். சரி, வேர் இவ்வளவு போதும்.

இனி இந்தக் கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். காணொளியின் அளவைக் குறைக்கும்போது படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, நுண்விவரங்களைத் தோராயமாக்கிவிடுகிறார்கள். அதனால் ஓரங்களில் அலையடிக்கும், கட்டங்களுக்கு நடுவே கோடு தெரியும். 2020-ல் வந்த எச்.266 என்ற காணொளி அளவுக்குறைப்புத் தரத்தில் (விவிசி என்பதும் இதுவே) ஒளிர்வுப் படத்தின், அதாவது நிறத்தை விட்டு வெளிச்சத்தை மட்டும் காட்டும் படத்தின், 4×4 புள்ளித் துண்டு ஒவ்வொன்றும், அதில் கோடுகள் ஓடும் திசையையும் ஏற்ற இறக்கத்தையும் பொறுத்து, 25 வகைகளில் ஒன்றில் சேர்க்கப்படுகிறது. அந்த வகைக்குரிய எடைகளைக் கொண்டு அக்கம்பக்கப் புள்ளிகளைக் கலந்து, ஒவ்வொரு புள்ளியின் மதிப்பும் திருத்தப்படுகிறது. மூலப்படம் கையில் இருப்பது குறியாக்கியிடம், அதாவது அளவைக் குறைத்து அனுப்பும் நிரலிடம், மட்டுமே. மூலப்படத்துக்கும் திருத்திய படத்துக்கும் உள்ள வேறுபாட்டின் வர்க்கச் சராசரி மிகக் குறையும்படி எடைகளைக் கணக்கிட்டு அனுப்புவது அதன் வேலை. அமெரிக்கக் கணித அறிஞர் நார்பர்ட் வீனர் காட்டிய வழி இது. திருத்திய படத்தைப் பார்த்தே அடுத்த படங்கள் கணிக்கப்படுவதால், கணிப்புக்கும் உண்மைப் படத்துக்கும் நடுவே அனுப்பவேண்டிய மிச்சமும் சிறுத்துவிடுகிறது.

இதில் தழுவல் எங்கே வந்தது? யார் யாரைத் தழுவினார்கள்? நாவலைப் படமாக்கினால் அது தழுவல், வேற்றுமொழி நாடகத்தை நம்மூர்ப் பெயர்களோடு எழுதினால் அதுவும் தழுவல். பிரெஞ்சில் திரைத்தழுவலுக்கு 'அடாப்டாசியோன்' என்பார்கள். அந்த வழியாக அகராதியைப் புரட்டியவர் முதலில் கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். தழுவலுக்கு முன்னாலேயே ஒரு படைப்பு இருக்கவேண்டும். இந்த வடிப்பானோ எதையும் பார்த்து எழுதவில்லை. முன்னால் வரும் படத்துக்குத் தக்கபடி தன் எடைகளை மாற்றிக்கொள்கிறது. தக்கபடி! அந்தச் சொல்லிலேயே விடை இருக்கிறது. தகு, தக்க, தகவு, தகவமைப்பு. ஒட்டகம் பாலைவனத்துக்கு ஏற்றபடி தகவமைத்துக்கொண்டதைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இது புதுச்சொல்லே இல்லை.

'மாற்றியமைக்கக்கூடிய வடிகட்டி' என்று எழுதுபவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். மாற்றியமைப்பது யார், நானா? தொலைபேசியில் அதற்கு ஏதாவது பொத்தான் இருக்கிறதா? பிறர் மாற்றக்கூடியது வேறு, தானே பொருந்திக்கொள்வது வேறு. அதனால்தான் 'தகவமை' என்று வினைத்தொகையாக வைக்கச் சொல்கிறேன். ஊறுகாய் போல முக்காலத்துக்கும் பொருந்தும்: போன படத்துக்குத் தகவமைத்தது, இந்தப் படத்துக்குத் தகவமைக்கிறது, அடுத்ததற்கும் தகவமைக்கும்.

அப்புறம் வடிகட்டி. தேநீர் வடிக்கும் பஸ்வாரில் சக்கை மேலே தங்கும், சாறு கீழே இறங்கும். காணொளியில் அப்படித் தங்கும் சக்கை எதுவும் கிடையாது. ஒரு புள்ளியும் வெளியே போவதில்லை, மதிப்புகள்தான் மாறுகின்றன. வடிப்பான் என்றால் இந்தச் சிக்கல் தீர்கிறது. சோற்றை வடிப்பதும் வடித்தல்தான், சிலையைச் செதுக்கி உருக்கொடுப்பதும் வடித்தல்தான். லத்தீன் கம்பளியில் இல்லாத இந்த இரண்டாவது பொருள்தான் நமக்கு வேண்டியது.

1998-ல் ரூபாய்த் தாளில் மொழிகளின் வரிசையில் தமிழை ஓர் இடம் கீழே இறக்கியபோது இந்தத் தீவில் எவ்வளவு கொந்தளிப்பு! அந்தத் தாள்களையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வரிசைக்காக அப்படிப் போராடிய நாம், சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதே இல்லை. வீட்டில் கிரியோல், அலுவலகத்தில் பிரெஞ்சும் ஆங்கிலமும். தமிழ் பெரும்பாலும் வகுப்பறையிலும் கோவிலிலும்தான். அதனால் குறிப்பேட்டில் ஏறிய பிழையைப் பேச்சுவழக்கு வந்து திருத்தாது. தேர்வில் அதையே எழுதினால்தான் மதிப்பெண் என்றும் ஆகிவிடும்.

இதே ஆட்கள்தான் காணொளியின் அளவைக் குறைப்பதற்குக் 'காணொளிச் சுருக்கம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். படிப்பவர், இரண்டு மணி நேரப் படத்தின் கதையைப் பத்து வரியில் சொல்லப்போகிறார்கள் என்று காத்திருப்பார்.