ரேஷன் அட்டையில் விழுந்த ‘எச்’ முத்திரை

ரேஷன் கடையில் பையில் கொட்டிய அரிசியை ஒரு பிடி அள்ளிப் பார்ப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பழுப்பேறியிருந்தால் அங்கேயே சத்தம் எழும். அந்தச் சத்தத்துக்கு இருக்கும் பலத்தை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம்.

1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று இரண்டாகப் பிரித்தது. தமிழ்நாடு பிரிக்கவில்லை, எல்லோருக்கும் ஒரே விலைதான். ஆனால் 2001க்குப் பிறகு, நிதி நெருக்கடிக் காலத்தில், மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ள குடும்பங்களின் அட்டையில் ‘எச்’ முத்திரை குத்தினார்கள். முத்திரை விழுந்தால் அரிசி கிடையாது.

2004 மக்களவைத் தேர்தலில் மாநில ஆளுங்கட்சிக் கூட்டணிக்கு 39 தொகுதிகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. முடிவு வந்த சில நாட்களிலேயே முத்திரையும் போனது. வாக்கு காரணம் சொல்லாது, உண்மைதான். விவசாயிகளின் இலவச மின்சாரம் ரத்தானது, அரசு ஊழியர்கள் மீதான நடவடிக்கை என்று அப்போது கோபங்கள் பல. எது எவ்வளவு உறுத்தியது என்று பிரித்தெடுக்க முடியாது. ஆனால் ஆட்சியாளர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பது, அவசரமாகத் திரும்பப் பெற்றவற்றைப் பார்த்தாலே தெரியும். அவற்றில் இந்த முத்திரையும் ஒன்று.

ஓர் அட்டைக்கு இவ்வளவு வலு எப்படி வந்தது? ஏழைக்கு மட்டும் என்று கோடு கிழித்தால், முதலில் அளவே தவறும். கட்டட வேலைக்குப் போகிறவருக்கு ஒரு மாதம் இருபது நாள் வேலை, மழை மாதத்தில் ஐந்து நாள். அவருடைய வருமானத்தை எந்தச் சான்றிதழில் எழுதுவது? அப்புறம், கோட்டுக்கு உள்ளே இருப்பவர்கள் தனித்துப்போவார்கள். மனு எழுதத் தெரிந்தவர், அதிகாரியிடம் தயங்காமல் பேசுபவர் எல்லாம் வெளியே. அரிசி புழுத்துப்போனாலும் கேட்க ஆள் இராது. எல்லோருக்கும் பொது என்றால், ஆசிரியர் வீட்டு அட்டையும் கூலிக்காரர் வீட்டு அட்டையும் ஒரே கடையில். கடை பூட்டிக் கிடந்தால் இருவருமே கேட்பார்கள். அரிசி வேண்டாதவர் சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொள்ளலாம். அதை அவரே முடிவு செய்கிறார், தாசில்தார் அல்ல.

முத்திரை போன பிறகு கட்சிகள் எதிர்த்திசையில் போட்டி போட்டன. மூன்றரை ரூபாய் அரிசி 2006இல் இரண்டு ரூபாயானது. 2008இல் ஒரு ரூபாய். 2011 ஜூன் முதல் இலவசம். 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தமிழ்நாடு நடைமுறைப்படுத்தியபோதும், அந்தச் சட்டம் போட்ட கோட்டுக்கு வெளியே நின்ற குடும்பங்களின் அரிசிச் செலவை மாநிலமே ஏற்றுக்கொண்டது.