கத்தி படாமல் கட்டியைப் பார்க்க முடியுமா?

ராயபுரம், காசிமேடு பக்கத்திலிருந்து பயாப்சிக்கு, அதாவது கட்டியில் சிறிது சதை எடுத்துச் சோதிப்பதற்கு, வருபவர்கள் அண்மைக் காலமாக ஒரு கேள்வியோடு வருகிறார்கள்: "அகச்சிவப்புக் கதிரிலேயே செல்லைப் பார்த்துவிடலாமாமே டாக்டர், எதற்குச் சதையை வெட்ட வேண்டும்?" மார்பில் கட்டியுள்ள ஒரு அம்மா, முகாமில் வெப்பக் கேமராவில் எடுத்த வண்ணப் படத்தை நீட்டினார். அதில் கோளாறு இல்லை என்று சொன்னதை நம்பிப் பல மாதம் சும்மா இருந்துவிட்டார்.

அந்தக் கேமரா பதிவது தோலின் சூட்டை மட்டுமே. மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமுக்கு அது மாற்றாகாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரித்திருக்கிறது.

செய்தியில் படிக்கும் அகச்சிவப்பு நுண்ணோக்கி வேறு. மூலக்கூறின் பிணைப்புகள் ஓயாமல் அதிர்கின்றன. ஒவ்வொன்றும் அகச்சிவப்புக் கதிரில் தனக்குரிய அலைநீளத்தை உறிஞ்சும்; அதை வைத்தே எது எங்கே இருக்கிறது என்று நுண்ணோக்கி காட்டுகிறது. கொழுப்பு 3.5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அருகே, புரதம் 6 மைக்ரான் அருகே. ஆய்வகத்தில் நாங்கள் சதையை, அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக்கிச் சாயம் ஏற்றுகிறோம். அதற்குள் செல் செத்துவிடுகிறது. அகச்சிவப்பு நுண்ணோக்கிக்கோ சாயமே வேண்டாம். உயிருள்ள செல்லில் கொழுப்புத் துளி சேர்வதைக்கூடப் பார்க்கலாம். எனக்கே பொறாமைதான்.

தடை, தண்ணீர். புரதம் உறிஞ்சும் அதே இடத்தில் தண்ணீரும் உறிஞ்சுகிறது. அதனால் செல் மிதக்கும் நீர்ப்படலத்தைப் பத்து மைக்ரான் அளவுக்குச் சுருக்க வேண்டும். தலைமுடியின் தடிமன்கூட இதைப்போலப் பல மடங்கு. அலைநீளம் பெரிது என்பதால் படமும் மங்கும். இந்த மங்கலைத் தீர்க்க இப்போது அகச்சிவப்புத் துடிப்பால் மூலக்கூறைச் சற்றே சூடாக்கி, அந்தச் சூட்டைக் கண்ணுக்குத் தெரியும் லேசரால் அளக்கிறார்கள். அரை மைக்ரான் நுணுக்கம் கிடைக்கிறது.

கேள்விக்கு விடையும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. உடம்பெல்லாம் நீர். இந்தக் கதிர் தோலின் மேற்பரப்பிலேயே அடங்கிவிடும். உள்ளே இருக்கும் கட்டியை எட்டாது. அந்தக் கருவி எங்கள் மேசைக்கே வந்தாலும் சதையை வெளியே எடுத்துத்தான் அதன்கீழ் வைக்க வேண்டும்.

"ஊசி பட்டால் பரவிவிடும்" என்ற பயம் வடசென்னையில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பயாப்சி ஊசி போன வழியில் புற்றுநோய் செல் சிந்துவது மிக அரிது. காத்திருக்கும் மாதங்களில் நோய் முற்றுவதைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். கட்டி தென்பட்டால் ஸ்டான்லி மருத்துவமனையின் அறுவைசிகிச்சைப் புறநோயாளர் பிரிவுக்குப் போங்கள்.

மாதிரியை நீங்களே ஷேர் ஆட்டோவில் ஆய்வகத்துக்கு எடுத்துவர நேர்ந்தால், சதையைப்போலப் பத்து மடங்கு ஃபார்மலின் டப்பாவில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வெறும் தண்ணீரில் போட்டு, ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைத்துக் கொண்டுவந்தால் எந்த நுண்ணோக்கியாலும் பயனில்லை.