உணரி: கியர்பெட்டியில் "சென்சர்" என்று எதைச் சொல்கிறோம்?

"கியர் சென்சர் போச்சு." பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று மூன்றாவது கியரிலேயே சிக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனால், சிங்கப்பூரின் சின் மிங்கானாலும் உபியானாலும், பெரும்பாலும் இந்தத் தீர்ப்புதான் கிடைக்கும். எந்தச் சென்சர், அதில் எது போனது என்று அது சொல்வதில்லை. சொல்லைக் கொஞ்சம் விசாரித்தால் பழுதும் பிடிபடும்.

சென்சர் என்பது 'உணர்' என்று பொருள்படும் சென்டீரே என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. படத்துக்குக் கத்தரி போடும் சென்சாருக்கும் இதற்கும் உறவில்லை. அது 'மதிப்பிடு' என்ற பொருளுள்ள வேறொரு வினையின் வழி வந்தது, தமிழில் தணிக்கை. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதே தமிழ்ச்சொல் தேவை என்பதற்குப் போதுமான காரணம்.

அந்தச் சொல் உணரி. உணர் என்ற வினையோடு, செய்வதைக் குறிக்கும் இகர விகுதி சேர்ந்தது. வழிகாட்டி, சுமைதாங்கி, குளிரூட்டி போல. செய்திகளில் 'உணர்கருவி' என்றும் எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் வேக உணரி, வெப்ப உணரி என்று கூட்டுச்சொல் கட்டும்போது உணரியே வாகானது. மானியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வெப்பமானி அளந்து நம் கண்ணுக்குக் காட்டும். உணரி யாருக்கும் காட்டாது. உணர்ந்ததைக் கம்பி வழியே காரின் கணினிக்கு அனுப்பும், அவ்வளவுதான். அறிந்து முடிவெடுப்பது கணினியின் வேலை.

டிரான்ஸ்மிஷன் என்பதற்கு 'அப்பால் அனுப்புதல்' என்பது வேர்ப்பொருள். விசைச்செலுத்தம் என்று எழுதலாம். கியருக்குப் பல்லிணை என்ற சொல்லும் உண்டு. ஆனால் பட்டறை வாசலில் நின்று பேச 'கியர்பெட்டி' போதும்.

அந்தப் பெட்டியில் முக்கியமான உணரிகள் நான்கு. எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் சுழற்சியை எண்ணும் உள்வேக உணரி, சக்கரத்துக்குப் போகும் சுழற்சியை எண்ணும் வெளிவேக உணரி, எண்ணெய் வெப்ப உணரி, பி, ஆர், என், டி-யில் குச்சி எங்கே நிற்கிறது என்று சொல்லும் கியர்நிலை உணரி. கடைசியது கெட்டால், காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் இல்லாமலே தெரியும்: பி-யில் ஸ்டார்ட் ஆகாத கார் என்-னில் ஆகும், அல்லது ரிவர்ஸ் போட்டும் பின்விளக்கு எரியாது.

கோளாறு கண்டால் கணினி எழுதிவைக்கும் பிழைக்குறிகள் கியர்நிலைக்கு பி0705, வெப்பத்துக்கு பி0710, உள்வேகத்துக்கு பி0715, வெளிவேகத்துக்கு பி0720. பி0715-இன் முழுப்பெயர் 'உள்வேக உணரிச் சுற்று'. பேச்சில் கடைசிச் சொல் உதிர்ந்துவிடுகிறது, செலவு தொடங்குவதும் அங்கேதான். சுற்று என்றால் உணரி, அதைக் கம்பியோடு இணைக்கும் சொருகி, கம்பி, கணினி எல்லாம் அடக்கம். கணினி நம்பாத சேதி எந்த வழியில் வந்தது என்பதையே குறி சொல்கிறது; எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை.

வேக உணரி இரண்டு வகை. இரண்டு கம்பி இருந்தால் பெரும்பாலும் காந்தச்சுருள் வகை, 1831-இல் ஃபாரடே கண்ட மின்தூண்டல்தான் அதன் அடிப்படை. பற்சக்கரத்தின் பல் ஒவ்வொன்றும் கடக்கும்போது ஒரு துடிப்பு எழும். சொருகியைக் கழற்றி உணரியின் மின்தடையை ஓம் அளவில் பார்க்கலாம். பல டொயோட்டாக்களில் 20 டிகிரியில் 560 முதல் 680 ஓம். நம் ஊர் வெயிலில் சற்று கூடுதலாகக் காட்டினால் பதற வேண்டாம், செம்பின் இயல்பு அது. மூன்று கம்பி இருந்தால் பெரும்பாலும் ஹால் வகை. மின்னோட்டத்தின் குறுக்கே காந்தப்புலம் பட்டால் மின்னழுத்தம் எழும் என்று எட்வின் ஹால் 1879-இல் கண்ட விளைவு அது. இதை ஓம் மீட்டரால் சோதிக்க முடியாது. சாவியைத் திருப்பி மின்சாரமும் எர்த்தும் வருகிறதா என்று பார்த்து, பிறகு சக்கரத்தைச் சுழற்றி மூன்றாவது கம்பியின் துடிப்பைப் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஸ்கேனரில் ஓடும் அளவுகளைப் பார்ப்பது நல்லது. உள்வேகம் நிமிடத்துக்கு 2,400 சுற்று, வெளிவேகம் 1,600 என்றால் விகிதம் 1.5. போட்ட கியரின் விகிதத்தோடு இது ஒத்துப்போகாவிட்டால் கணினி 'சறுக்கல்' என்று முடிவுகட்டி பி0730 எழுதிவிடும். உண்மையில் கிளட்ச் சறுக்கினால் உள்வேகம் தொடர்ச்சியாக ஏறும். உணரிச் சுற்றுக் கோளாறென்றால், 60 கிலோமீட்டரில் சீராகப் போகும்போதே வெளிவேகம் சட்டென்று 0 காட்டி, அடுத்த நொடி பழையபடி வரும். எந்தக் காரும் அப்படி நின்று ஓடாது. கியர்பெட்டியை இறக்கிப் பிரிக்கச் சொல்பவரிடம், ஸ்கேனரில் இந்த வேகம் ஓடும் வரைகோட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

வெப்ப உணரியைச் சோதிக்க அதிகாலையே நேரம். இரவெல்லாம் நின்ற காரில், ஸ்டார்ட் செய்யுமுன், எண்ணெய் வெப்பமும் ரேடியேட்டர் நீரின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக, 27, 28 டிகிரி காட்ட வேண்டும். மைனஸ் 40 என்று காட்டினால் ஈசூனில் பனி பெய்யவில்லை, கம்பி அறுந்திருக்கிறது. இந்த உணரியில் வெப்பம் ஏற ஏறத் தடை குறையும். அறுந்த கம்பியின் எல்லையற்ற தடையைக் கணினி கடுங்குளிர் என்று வாசிக்கிறது. அதை நம்பி, எஞ்சினையும் கியர்பெட்டியையும் நேராகப் பிணைக்கும் லாக்-அப் கிளட்சைப் பூட்டாமல் விடுவதால்தான் பெட்ரோலும் கூடக் குடிக்கிறது.

வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து 10 ஆண்டு தாண்டி ஓடும் கார்களில் உணரி கெடுவதைவிடச் சொருகி கெடுவது அதிகம். சூட்டில் பிளாஸ்டிக் கொக்கி நொறுங்கும், ரப்பர் காய்ந்து ஈரம் இறங்கி உள்ளிருக்கும் உலோக முள்ளில் பச்சை படியும், எண்ணெய் கம்பியின் உட்புறமாகவே ஊறி ஏறும். காந்த நுனியில் சாம்பல்நிறச் சேறுபோல இரும்புத்தூள் அப்பியிருந்தால் துடைத்து மாட்டினாலே வேலை செய்யக்கூடும். தூள் மெல்லியதாக இருந்தால் தேய்மானம், செதில் செதிலாக இருந்தால் பெட்டிக்குள்ளேயே சேதம்.

மாற்றத்தான் வேண்டுமென்றால் கசிவைத் தடுக்கும் புது ஓ-வளையத்தில் அதே கியர் எண்ணெயைத் தடவி, கையால் அழுத்தி உட்கார வைத்த பிறகே போல்ட்டை முடுக்க வேண்டும். போல்ட்டால் இழுத்து இறக்கினால் வளையம் கிழியும். அடுத்த வாரம் கார் நிறுத்துமிடத்தில் கியர் எண்ணெயின் சிவப்புச் சொட்டு தெரியும்.